கண்ணுக்குள் ஓர் அடைப்பு: இரத்தம் உறையும் கோளாறும் காரணமாகுமா?



கண் நோய் என்றதும் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது கண்புரை. இனிப்பு நீர் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் விழித்திரைப் பாதிப்பு பற்றியும் ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால், கண்ணுக்குள் இருக்கும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று சொன்னால், "மாரடைப்பு தெரியும், கண்ணிலுமா அடைப்பு வரும்?" என்று வியப்போடு கேட்பவர்களே அதிகம்.

வரும் என்பதுதான் உண்மை. இரத்தக் குழாய்களால் விழித்திரைக்கு வரும் நோய்களில் இனிப்பு நீர் பாதிப்புக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்த விழித்திரைச் சிரை அடைப்புதான். உலகம் முழுவதும் 2015ஆம் ஆண்டில் 30 முதல் 89 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக, 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிங்கப்பூரில் 40 முதல் 80 வயது வரையிலான சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 10,000க்கும் மேற்பட்டோரின் கண்களைப் பரிசோதித்த ஆய்விலும் இந்நோய் காணப்பட்டது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது இருந்தது என்றாலும், மூன்று இனத்தவரிடமும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த அடைப்பு வந்தவர்கள் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், என் இரத்தம் கெட்டியாக இருக்கிறதா? அதனால்தான் அடைத்துக்கொண்டதா?" எளிமையான கேள்விதான். ஆனால் ஆளுக்கு ஆள் இதன் பதில் மாறுகிறது. சிலரைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே தேவையற்றது. வேறு சிலருக்கோ, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

வடிகால் அடைத்தால் வெள்ளம்

விழித்திரை என்பது கண்ணின் பின்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். நாம் காணும் காட்சி அதில்தான் பதிகிறது. அதற்கு நல்ல இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. பயன்படுத்திய இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்வது சிரை. ஒன்று குடிநீர்க் குழாய் என்றால் மற்றது வடிகால்.

கோலாலம்பூரில் ஒரு மணி நேரம் கனமழை கொட்டி, லோங்காங் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போக வழியில்லாத நீர் சாலைக்கு ஏறும், வீட்டுக்குள் புகும். கண்ணிலும் அதுவே நடக்கிறது. சிரை அடைபட்டதும் இரத்தம் பின்னால் தேங்குகிறது. அழுத்தம் தாங்காமல் நுண்ணிய குழாய்கள் கசிகின்றன. விழித்திரையில் குங்குமத்தைத் தெளித்தாற்போல் இரத்தத் திட்டுகள் தோன்றுகின்றன. கசிந்த நீர், பார்வையின் மையப் புள்ளியான மாக்குலாவில் தேங்கினால் அங்கு வீக்கம் உண்டாகிப் பார்வை மங்குகிறது.

அடைப்பு இரண்டு வகைப்படும். சிரையின் ஒரு கிளை மட்டும் அடைபடுவது ஒன்று. இதுவே அதிகம் காணப்படுவது. எல்லாக் கிளைகளும் ஒன்றுசேரும் மையச் சிரையே அடைபடுவது மற்றொன்று. முதல் வகையில் பார்வையின் ஒரு பகுதி மறையலாம். இரண்டாவதில் கண் முழுவதுமே பாதிக்கப்படலாம்.

இரண்டிலும் வலி இருப்பதில்லை. இதுதான் இந்நோயின் பெரிய ஆபத்து. பலர் காலையில் எழும்போதுதான் ஒரு கண்ணில் மங்கல் இருப்பதை உணர்கிறார்கள். மற்றக் கண் நன்றாகத் தெரிவதால், "கண்ணாடி பவர் கூடியிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். வாரங்கள் கழித்துக் கண்ணாடிக் கடைக்குப் போகும்போதுதான் விஷயம் வெளிவருகிறது.

முதல் காரணம் இரத்தக் கொதிப்பு

விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறைதான் இருக்கிறது. வயது ஏற ஏற, அல்லது இரத்தக் கொதிப்பு நீடிக்க நீடிக்க, தமனியின் சுவர் தடித்து இறுகுகிறது. ஒரே உறைக்குள் இருப்பதால் அது பக்கத்திலுள்ள மெல்லிய சிரையை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் ஓட்டம் தடுமாறுகிறது, உள்சுவர் சேதமடைகிறது, அங்கே இரத்தம் உறைகிறது. கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. மையச் சிரையோ, பார்வை நரம்போடு சேர்ந்து சல்லடை போன்ற ஒரு குறுகிய வாயில் வழியாகக் கண்ணைவிட்டு வெளியேறுகிறது. அந்த நெருக்கடியான இடமே அதற்கு ஆபத்தான இடம்.

ஆகவே, 60 வயதை நெருங்கும் ஒருவருக்கு இந்த அடைப்பு வந்தால் மருத்துவர் முதலில் தேடுவது இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்புச் சத்து, புகைபிடிக்கும் பழக்கம், குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் ஆகியவற்றைத்தான். மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பும், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீரும், 33.3 விழுக்காட்டினருக்கு அதிகக் கொழுப்புச் சத்தும் இருந்தன. காரணம் கண்முன்னே இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது, அரிதான இரத்தக் கோளாறுகளைத் தேடி அலைவது பெரும்பாலானோருக்கு அவசியமில்லை.

இரத்தம் உறைவதில் கோளாறு என்றால் என்ன?

விரலில் கத்தி பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. இரத்தத்தில் உள்ள உறைய வைக்கும் பொருள்கள் செய்யும் வேலை அது. அதே நேரத்தில், தேவையில்லாத இடத்தில் உறையாமல் தடுக்கும் காவலர்களும் இரத்தத்திலேயே இருக்கிறார்கள். புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ரோம்பின் ஆகியவை அந்தக் காவலர்களில் முக்கியமானவை. வண்டிக்கு எண்ணெய் மிதியும் பிரேக்கும் போல இரண்டும் சமமாக இயங்க வேண்டும். பிரேக் பிடிக்காத இரத்தம், உறையக் கூடாத இடத்தில் உறைகிறது.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் அழைக்கப்படும் ஒரு விதி மருத்துவ மாணவர் அனைவருக்கும் பாடம். குழாய்க்குள் இரத்தம் உறைய மூன்று காரணங்கள் உண்டு: குழாயின் சுவர் கெடுவது, ஓட்டம் மந்தமாவது, இரத்தத்தின் தன்மையே மாறுவது. இன்றைய கேள்வி இந்த மூன்றாவது காரணத்தைப் பற்றியது.

பரம்பரையாக வரும் கோளாறுகள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஆன்டித்ரோம்பின் குறைபாடு 1965இல் நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1994இல் கண்டறிந்த மரபணு மாற்றம், அந்நகரின் பெயராலேயே ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்று அழைக்கப்படுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் இது இருக்கிறது. சீனர்களிடமும் ஜப்பானியர்களிடமும் மிக அரிது. வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்ததை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

காலுக்கு ஒரு கணக்கு, கண்ணுக்கு ஒரு கணக்கு

நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்குக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைவதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஃபேக்டர் ஃபைவ் லைடன் மரபணு மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 3 முதல் 5 மடங்கு கூடுகிறது. அப்படியானால் கண்ணிலும் அதே அளவு கூட வேண்டும் அல்லவா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கண்ணில் அது ஒன்றரை மடங்கு என்ற அளவிலேயே நின்றது. புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ரோம்பின் குறைபாடுகளுக்கும் கண் அடைப்புக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் முன்னே சொன்ன அமைப்பில் இருக்கிறது. காலின் சிரையில் இரத்தம் மந்தமாக ஓடும்போது, இரத்தத்தின் தன்மையே பெரிய பங்கு வகிக்கிறது. கண்ணிலோ, பக்கத்துத் தமனி கொடுக்கும் நசுக்கல்தான் பெரும்பாலும் தொடக்கம். இரத்தத்தின் தன்மை அங்கே துணைக் காரணமாகவே சேர்கிறது.

ஆனால், தொடர்பு தெளிவாகத் தெரியும் இரண்டு கோளாறுகள் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் பிறவியிலேயே வருபவை அல்ல. பிற்பாடு உண்டாகக்கூடியவை, கண்டுபிடித்தால் ஏதாவது செய்யக்கூடியவை.

முதலாவது ஹோமோசிஸ்டீன். இது உடலில் இயல்பாகவே உருவாகும் ஒரு பொருள். ஃபோலேட், வைட்டமின் பி6, பி12 ஆகியவை போதிய அளவு இருந்தால் உடல் அதை மாற்றிக்கொள்ளும். அவை குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி, குழாயின் உள்சுவரைப் பாதிக்கிறது. விழித்திரைச் சிரை அடைப்பு உள்ளவர்களிடம் இந்த அளவு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றிலிருந்துதான். எனவே பல ஆண்டுகளாகச் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள், அதிலும் பாலையும் தவிர்ப்பவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். இனிப்பு நீருக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் உட்கொள்பவர்களுக்கும் பி12 குறையலாம். சைவத்தைக் கைவிட வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வைட்டமின் கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் அளவு இறங்கும், ஆனால் அதனால் இரத்தம் உறைவது குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. இருந்தாலும் பி12 குறைவு நரம்புகளையே கெடுக்கும் என்பதால் அதைச் சரிசெய்வது கட்டாயம்.

இரண்டாவது, ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983இல் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் பொருள்களை உருவாக்குகிறது. தனியாகவும் வரும், லூபஸ் நோயோடு சேர்ந்தும் வரும். இது கண்ணோடு நிற்பதில்லை. மூளையில் பக்கவாதம், காலில் அடைப்பு, நுரையீரலில் அடைப்பு என எங்கு வேண்டுமானாலும் தாக்கும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும்.

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வயது 33. இரத்தக் கொதிப்பு இல்லை, இனிப்பு நீர் இல்லை. மூன்று முறை கரு கலைந்திருக்கிறது. "நேரம் சரியில்லை" என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் இடது கண் மங்குகிறது. கண் மருத்துவர் அடைப்பைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருகிறார். கருச்சிதைவைப் பற்றிக் கண் மருத்துவமனையில் ஏன் சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு செய்தி சொல்லப்பட்டிருந்தால், இரத்த நோய் நிபுணரிடம் அனுப்பப்பட்டிருப்பார். வரக்கூடிய பக்கவாதத்தைத் தடுக்க மருந்து கிடைத்திருக்கும். தகுந்த சிகிச்சையோடு அடுத்த கர்ப்பத்தில் ஆரோக்கியமான குழந்தை பிறக்கவும் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். கண் கொடுத்த எச்சரிக்கை வீணாகிப்போனது என்பதே இங்குள்ள இழப்பு.

யாருக்கு இந்தச் சோதனை தேவை?

அடைப்பு வந்த எல்லோருக்கும் இரத்தக் கொதிப்பு அளவு, சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு, முழு இரத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். முழு இரத்த எண்ணிக்கை சாதாரணச் சோதனைதான். ஆனால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயையும், சில வகை இரத்தப் புற்றுநோய்களையும் அதுவே முதலில் காட்டிக்கொடுக்கும். இவை இரத்தத்தை உண்மையிலேயே கெட்டியாக்கும் நோய்கள்.

உறையும் கோளாறுகளுக்கான சிறப்புச் சோதனைகள் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. பொதுவாக 50 வயதுக்குக் குறைந்தவர்கள், வழக்கமான காரணம் எதுவும் இல்லாதவர்கள், இரண்டு கண்ணிலும் அடைப்பு வந்தவர்கள், முன்பு கால் அல்லது நுரையீரலில் இரத்தம் உறைந்தவர்கள், நெருங்கிய உறவினருக்கு இளம் வயதில் அப்படி நேர்ந்தவர்கள், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆனவர்கள் ஆகியோருக்கே மருத்துவர்கள் இவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சோதனை செய்யும் நேரமும் முக்கியம். உடலில் பெரிய அளவில் இரத்தம் உறைந்த நேரத்தில் புரதம் சி, ஆன்டித்ரோம்பின் போன்றவை தற்காலிகமாகக் குறைந்து காட்டலாம். வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டால் புரதம் சி, எஸ் இரண்டும் குறையும். கர்ப்ப காலத்தில் புரதம் எஸ் இயல்பாகவே இறங்கும். ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். இணையத்தில் படித்துவிட்டு, தனியார் பரிசோதனைக் கூடத்தில் பணம் கட்டி, வந்த தாளைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சிகிச்சை என்ன?

"இரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு கரைந்துவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. ஆஸ்பிரினோ மற்ற மாத்திரைகளோ, மங்கிய பார்வையைத் திரும்பக் கொண்டுவரும் என்பதற்குச் சான்று இல்லை. உறையும் கோளாறு உறுதியானவர்களுக்கு, உடலின் மற்ற பகுதிகளைக் காப்பதற்காகவே அவை தரப்படுகின்றன. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் பழைய வார்ஃபரினே இன்றும் முக்கிய மருந்து. வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையை அறவே ஒதுக்கத் தேவையில்லை. ஒருநாள் கட்டுக் கட்டாகவும் மறுவாரம் துளியும் இல்லாமலும் உண்ணாமல், ஒரே அளவில் உண்பதே முறை.

கண்ணுக்குரிய சிகிச்சை வேறு. பிராணவாயு குறைந்த விழித்திரை ஒரு வகைப் புரதத்தைச் சுரக்கிறது. அதுவே கசிவையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற மருந்துகள் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தப்படுகின்றன. கண்ணில் ஊசி என்றதும் நடுங்க வேண்டாம். மரத்துப்போகும் மருந்து இட்ட பிறகு போடுவதால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஓர் ஊசியோடு முடிவதில்லை. தொடக்கத்தில் மாதந்தோறும், பிறகு தேவைக்கேற்பத் தொடர வேண்டியிருக்கும். சிலருக்கு ஸ்டீராய்டு மருந்து கண்ணுக்குள் வைக்கப்படும்.

பார்வை கொஞ்சம் தெளிந்ததும் மருத்துவமனைத் தேதியைத் தவறவிடுவோர் உண்டு. மையச் சிரையில் கடுமையான அடைப்பு வந்த சிலருக்கு, சில மாதங்களுக்குள் கண்ணில் தேவையற்ற புதிய குழாய்கள் முளைத்து, கண் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு பார்வை முற்றிலும் போய்விடக்கூடும். பழைய மருத்துவர்கள் இதை 'நூறு நாள் குளுக்கோமா' என்றே அழைத்தார்கள். தகுந்த நேரத்தில் லேசர் செய்தால் இதைத் தடுக்க வாய்ப்புண்டு. அதற்கு நோயாளி மருத்துவர் முன்னால் வந்து உட்கார வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

வாரத்தில் ஒருநாள், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நாட்காட்டியின் எண்களைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். அரை நிமிட வேலை. ஒரு கண்ணில் திடீர் மங்கல், கறுப்புத் திட்டு, கோடுகள் வளைந்து தெரிவது என எதைக் கண்டாலும், கண்ணாடிக் கடைக்கு அல்ல, அன்றைக்கே கண் மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். சாறு பிழிந்து ஊற்றுவது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை விடுவது, தாமாகவே ஆஸ்பிரின் விழுங்குவது ஆகியவை வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், நாட்டு மருந்து உட்பட, ஒன்று. குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் பக்கவாதமோ இரத்த உறைவோ வந்ததா என்பது இரண்டு. பெண்களாக இருந்தால் கருச்சிதைவுகளின் விவரம் மூன்று. இந்தத் தாளைக் கேட்டு வாங்க எல்லா மருத்துவர்களுக்கும் நேரம் இருக்காது. நீங்களே எடுத்து நீட்டுங்கள்.

இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர்கள் யாராவது இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாளைக் காலை கிளினிக்குக்குப் போய் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.